கை நனைக்காத விருந்தாளி

தென்காசிக்காரரான கோமதிநாயகம் கிரேக்கத் தீவு ஒன்றின் கடலோரச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த நான்கு நாளும் அந்தத் தீவில் ஒருத்தருக்கும் பசி அடங்கவில்லை. தின்று முடித்தவர்களுக்கும் அடங்கவில்லை, தின்றுகொண்டே இருந்தவர்களுக்கும் அடங்கவில்லை, ஒரு காப்பி மட்டும் குடித்துவிட்டு அடுத்த படகைப் பிடிக்கலாம் என்று வந்தவர்களுக்கும் அடங்கவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொன்ன பிறகு நான் எதற்கு வாயைப் பிளக்க வேண்டும்? எனக்கு ஆச்சரியமெல்லாம், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தென்காசி மீன் கடையில் முதல் ஆளாக நின்று செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஒரு மனுஷர், கண்ணுக்கு முன்னால் சுட்ட மீனை வைத்துக்கொண்டு எப்படி நான்கு நாள் தாக்குப்பிடித்தார் என்பதுதான்.

கோமதிநாயகம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் உலகம்மாளுக்கும் ஒரே மகள், குழல்வாய்மொழி. வாய் நிறையக் கூப்பிட ஆசைப்பட்டு வைத்த அந்தப் பெயர் குழலி என்று சுருங்கி, அந்தக் குழலியும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்கு வரைபடம் போடும் வேலை என்று ரோட்டர்டாமுக்குப் போய்விட்டாள். இந்த ஆகஸ்டில் அவளே டிக்கெட் எடுத்து அனுப்பி, பத்து நாள் லீவு போட்டிருக்கேன், கடலைப் பாத்துட்டு நல்லா மீன் சாப்பிட்டுட்டு வருவோம் வாங்க என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தீவில் இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அந்தக் கடை இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். நாற்பது மேஜையும் நிறைந்து, மேஜை கிடைக்காதவர்கள் மரத்தடியில் நின்று உட்கார்ந்திருந்தவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டும் இந்தப் பக்கம் மணலில் மேஜைகளுமாக இருந்ததால் பரிமாறுகிறவர்கள் கைக்கு மூன்று தட்டாக அடுக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே ஓடிக் கடந்து வர, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஆக்டோபஸ்கள் தொங்க, மேஜைக்கு மேல் விரித்துக் கிளிப் போட்ட காகிதம் காற்றில் படபடக்க, காலடியில் பூனைகள், அதற்கும் கீழே அலை. அலைக்குப் பக்கத்து மேஜையைக் குழலி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். தண்ணீரும் ரொட்டியும் வந்தன. கோமதிநாயகம் கையை நீட்டி ஒரு ரொட்டித் துண்டைத் தொட்டார்.

அப்போதுதான், ஆக்கும் முன்னே மீனை விருந்தாளிக்குக் காட்டுவது அந்த ஊர் வழக்கம் என்பதால், உலகம்மாள் வயசே இருக்கும் ஒரு அம்மாள், ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைத் தட்டில் ஏந்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் சுருட்டை முடியோடு நெட்டையாக ஒரு பையன் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, இது மனோலிஸ். என்கூட வேலை பாக்காருன்னு சொல்லியிருக்கேன்லா. இது அவரு அம்மா, காலியோப்பி," என்றாள் குழலி. "இது இவங்க கடைதான். வீடும் மாடியிலதான் இருக்கு."

முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கோமதிநாயகம் ரொட்டியை விட்டுவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டிலோ கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அதற்கு மேல் சாப்பாடு என்று ஒரு வாய் உள்ளே போய்விட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு நாள் பார்க்க வேண்டியதுதான். கடை என்று நினைத்துப் போய் உட்கார்ந்தது சம்பந்தி வீடாக இருந்துவிட்டது. எழுந்து போனால் வீடு தேடி வந்துவிட்டு முகத்தில் அடித்த மாதிரி ஆகும், சாப்பிட்டால் மகளைக் கொடுத்த மாதிரி ஆகும். ஆகவே அவர் எழுந்திருக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

"ரொட்டியத் தொட்டுட்டேனே உலகு, அதும் சேருமா?" என்று மனைவியின் காதில் கேட்டார்.

"வாயில படலல்லா? சேராது. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்க, எல்லாரும் பாக்காக," என்றாள் உலகம்மாள். அவள் ஏற்கெனவே அந்தப் பையனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துப் பிடித்துப்போயிருந்தாள். ஆனால் வீட்டுக்காரர் நனைக்காத இடத்தில் அவள் மட்டும் எப்படி நனைப்பாள்?

வயிறு சரியில்லை என்று கோமதிநாயகம் இங்கிலீஷில் சொன்னார். காலியோப்பிக்கு இங்கிலீஷ் தெரியாது. மீன் சுட்டு வந்தது, வறுத்த கணவாய் வந்தது, பூசணிப்பூவில் பாலாடைக்கட்டியை அடைத்துப் பொரித்தது வந்தது, அவர் அவற்றை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து மேஜையில் ஏதென்சிலிருந்து வந்திருந்த ஒரு வக்கீல் குடும்பம் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வரவழைக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தது. அதற்கு அடுத்த மேஜையில் இரண்டாவது தடவை வரவழைத்தார்கள். அதற்கும் அடுத்ததில் மூன்றாவது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி ஆயிற்று, நான்கு மணி ஆயிற்று, மரத்தடியில் நின்றவர்கள் நின்றபடியே இருக்க, வக்கீல் ஐந்தாவது தட்டுக் கணவாயை முடித்துவிட்டுத் தன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, உள்ளே எங்கேயோ ஓட்டை என்றார். வயிறு வீங்கவும் இல்லை, செரிக்காமல் போகவும் இல்லை. தின்றது எங்கே போயிற்று என்று தெரியாமல் போயிற்று, பசி மட்டும் காலையில் எழுந்தபோது இருந்த மாதிரியே புதிதாக இருந்தது. ஐந்தரை மணிக்கு ஊரில் ரொட்டி தீர்ந்தது.

துறைமுக அதிகாரி பாந்தெலிஸ் வரவழைக்கப்பட்டார். அறுபது வயது, வெள்ளை அரைக்கைச் சட்டை. அவர் யாரையும் ஒன்றும் கேட்காமல் மேஜை மேஜையாகப் போய்த் தட்டுகளை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, அலையோர மேஜையில் எண்ணெய்ப் பொட்டுகூடப் படாமல் துடைத்து வைத்த மாதிரி இருந்த ஒரு தட்டைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"இதுதான். என் அத்தை காலத்திலும் ஒரு தடவை நடந்தது," என்று அவர் சொன்னதை மனோலிஸ் இங்கிலீஷில் சொன்னான். "ஒரு சுங்க அதிகாரி ஏதோ கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். விருந்தாளி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் இந்தக் கரையில் யாருக்கும் வயிறு நிறையாது. ஒன்றரை நாள். அவர் சாப்பிட்டார், சரியாகிவிட்டது." பிறகு பாந்தெலிஸ் கோமதிநாயகத்தின் தோளைத் தட்டி, "அவசரமில்லை. உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது," என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மனோலிஸை வறுத்த மீன் கொண்டுவரச் சொன்னார். அவருக்கும் பசி.

ஊர் என்றால் அப்படி இருக்க வேண்டும். மறுநாள் காலையில் சண்டைக்கு வருவார்கள் என்று கோமதிநாயகம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு காத்திருக்க, அவர்கள் மாதா கோயில் வாசலில் கூட்டம் போட்டு முறை பிரித்துக்கொண்டிருந்தார்கள்: ரொட்டிக் கடைக்காரர் இரண்டு வேளை அடுப்பு மூட்டுவது, மேலத்தெரு வீடுகள் பருப்பும் மொச்சையும் அவிப்பது, கீழத்தெரு வீடுகள் உருளைக்கிழங்கு வெட்டுவது, மீனவர்கள் வெயில் ஏறும் முன்னே ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று இரண்டு தடவை வலை போடுவது. கோயில் மணி ஒரு தடவை அடித்தால் அடுப்பு மாற்ற வேண்டும், இரண்டு தடவை அடித்தால் பாத்திரம் கழுவுகிற ஆட்கள் மாற வேண்டும். பக்கத்துத் தீவிலிருந்து படகு நிறைய வெங்காயம் வந்தது. விடுமுறைக்கு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் எவ்வளவு தின்றாலும் எடை ஏறாதென்று குதித்த பெண்கள் இரண்டாம் நாள் கத்தி எடுத்துக்கொண்டு கீழத்தெருப் பெண்களோடு கிழங்கு வெட்ட உட்கார்ந்தார்கள், வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டுத் தட்டுக் கழுவினார். எச்சில் தட்டு எல்லாம் வழித்த மாதிரி வந்ததால் பூனைகள் மட்டும் கோபித்துக்கொண்டு மலைக்கு ஏறிப் போய்விட்டன.

ஆனால் பசி பசிதானே. முதல் நாள் சிரித்தவர்கள் இரண்டாம் நாள் சிடுசிடுத்தார்கள், புருஷன் தட்டைப் பெண்டாட்டி பார்த்தாள், பெண்டாட்டி தட்டைப் பிள்ளைகள் பார்த்தன, யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே தின்றார்கள், தின்றுகொண்டே நடந்தார்கள், கடலில் குளிக்கப் போனவர்கள் பாதியில் ஏறி வந்து அடுப்படியில் சொட்டச் சொட்ட நின்றார்கள். படகில் ஏறிப் போனவர்களை மறுநாளே படகு திருப்பிக் கொண்டுவந்து இறக்கியது. போன இடத்திலும் அடங்கவில்லையாம், இங்கேயாவது துணைக்கு ஆள் இருக்கிறது என்றார்கள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் கைப்பக்குவத்தை எடுத்துக்கொண்டு அலையோர மேஜைக்கு வந்தார்கள். திராட்சை இலையில் சுருட்டிய சோறு, ராத்திரி முழுக்க மண்சட்டியில் வெந்த கொண்டைக்கடலை, தேன் ஊற்றிய பணியாரம் போல ஒன்று. கோமதிநாயகம் ஒவ்வொன்றையும் எழுந்து நின்று கும்பிட்டு வாங்கி மேஜையில் வைத்தார், ஒன்றையும் தொடவில்லை. வீம்பு என்று நினைக்காதீர்கள். வீம்பும் இருந்தது, ஆனால் அதோடு பயமும் இருந்தது. தங்கியிருந்த அறையில் உலகம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரில் மூன்று தடவை சோறு வடித்து, பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் ஊற்றிப் பிசைந்து போட்டாள். அதுவும் போன இடம் தெரியவில்லை.

"எனக்கென்னமோ அந்தப் பையன் நல்லவனாத்தான் தெரியுதான்," என்றாள் உலகம்மாள்.

"நல்லவன்தாம்ட்டி. யாரு இல்லன்னா?"

"பிறகு என்ன? சாதிசனம் என்ன சொல்லும்னு பாக்கியளா?"

"அவனுவ கெடக்கானுவ," என்றார் கோமதிநாயகம். "ரெண்டு வருசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனா. அஞ்சாச்சு. நான் தென்காசியில ஒரு மாப்பிள்ளையப் பாத்து வச்சா வருவான்னு நெனச்சிருந்தேன். இதுல கைய நனச்சுட்டா அவ்வளவுதான் உலகு, அவ வரமாட்டா."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழலி அப்பாவைத் தேடி வந்தாள். அவர் படகுத்துறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம் நிறைய வறுத்த நெத்திலி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே பேசினாள்.

"நாளைக்கு நாலு மணிக்குக் கப்பல். தெரியும்லாப்பா?"

"தெரியும்."

"நான் மனோலிஸக் கட்டிக்கிடத்தான் போறேன். அதுல மாத்தமில்ல. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டா என்ன?"

"நீங்க சாப்பிடாமப் போனீங்கன்னா, பிறகு அந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் இறங்காது," என்றாள் குழலி. "எத்தன வருசமானாலும் இறங்காது. உங்களுக்குத் தெரியும், நான் அப்படித்தான்." அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே பொட்டலத்தைத் துழாவினாள். அது காலி. உப்பு ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் தடவி நக்கினாள்.

கோமதிநாயகம் அதைப் பார்த்தார். சின்ன வயதில் ஒரு தோசைக்கு மேல் வேண்டாம் என்று ஓடுகிற பிள்ளை அது. அவர்தான் பின்னாலேயே தட்டோடு திரிவார். அவர் எழுந்து போனார். அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கடை அதே மாதிரி நிறைந்து இரைந்துகொண்டிருக்க, பெட்டிகளைக் கட்டி மேஜையோரம் வைத்துவிட்டு, கோமதிநாயகம் பெற்ற பிள்ளை பசியோடு இருப்பதை ஒரு தகப்பன் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தனக்குத்தானே கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பிறகு அலையில் குனிந்து கையைக் கழுவினார். உட்கார்ந்து, கத்தியையும் முள்கரண்டியையும் தள்ளி வைத்து, மீனின் முதுகைப் பிளந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

நாற்பது மேஜையும் அவர் பக்கம் திரும்பியது. ரோட்டுக்கு நடுவில் தட்டோடு நின்றவன் அப்படியே நின்றான். பாந்தெலிஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். மீன் நன்றாக இருந்தது, அது வேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது. முள்ளை ஒவ்வொன்றாக உருவி ஓரத்தில் அடுக்கி, தலையையும் விடாமல் உறிஞ்சி, முழு மீனையும் சாப்பிட்டு முடித்து அவர் நிமிர்ந்தபோது மனோலிஸ் குழலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், உலகம்மாள் தைரியமாக ஒரு பூசணிப்பூவை எடுத்து வாயில் போட்டிருந்தாள்.

ஊர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. பசித்தது.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கள்," என்று வக்கீல் கத்தினார். கோமதிநாயகம் கொண்டைக்கடலையைச் சாப்பிட்டார், திராட்சை இலையைச் சாப்பிட்டார். பசித்தது. அவருக்கே பசித்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழ, மரத்தடியில் நின்ற ஒருவன் நாற்காலியை உதைத்தான், நான்கு நாள் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் கரை நெடுக எழுந்து வந்தது. நான் மானத்தை விட்டுச் சாப்பிட்டதுக்கு இதுதானா என்று கோமதிநாயகம் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார்.

உலகம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள். "கை நனைக்க வேண்டியது ரெண்டு வீடும்லா? சமச்சுப் போட்டாளே, அவ சாப்பிட்டாளா?"

அது உலகம்மாளுக்குத்தான் தெரியும். வீடு முழுக்கச் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிடுகிறவள் சாப்பிடாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, அடுப்படிப் புகையில் எல்லாம் மறைந்துவிடும். அவள் விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து போய், காலியோப்பியின் முகத்தைப் பார்த்தாள், கழுவிக் கவிழ்த்த தட்டுகளைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். "உதடு வெடிச்சுக் கெடக்கு. என்னைக்குச் சாப்பிட்டாளோ."

மனோலிஸுக்கு முகம் வெளிறிப்போயிற்று. ஈஸ்டருக்குக் குழலியை முதல்முறையாகக் கூட்டி வந்தானே, அன்றிலிருந்து லீவுக்கு வந்தபோதெல்லாம் அம்மா தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக அவனுக்கு நினைவில்லை. வேலை, வேலை என்பாள், நான் பிறகு சாப்பிடுகிறேன் என்பாள்.

கோமதிநாயகம் எழுந்து ஒரு சுத்தமான தட்டை எடுத்தார். மேஜையில் மிச்சமிருந்ததில் கொண்டைக்கடலை வைத்தார், கணவாய் வைத்தார், எலுமிச்சம்பழம் பிழிந்தார், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கார்களுக்கு நடுவே ரோட்டைக் கடந்தார். குழலி பின்னாலேயே ஓடினாள். சமையல்கட்டில் காலியோப்பி அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

"சாப்பிடுங்க சம்பந்தி," என்றார் கோமதிநாயகம்.

குழலி மனோலிஸிடம் கற்றுக்கொண்ட கிரேக்கத்தில் அதைச் சொல்லத் தொடங்கி, அந்தக் கடைசி வார்த்தைக்கு வந்ததும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காலியோப்பி திரும்பினாள். தட்டைப் பார்த்தாள், வாங்கவில்லை. அடுப்புக் கரி படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்காக?"

"கல்யாணமாகி ரோட்டர்டாமிலயே இருந்துட்டா அவன் இங்க திரும்பி வருவானான்னு கேக்காங்கப்பா," என்றாள் குழலி. தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்கு நாளாகத் தன் பெண்ணைப் பறிக்க வந்தவளென்று நினைத்துக்கொண்டிருந்த அம்மாளைக் கோமதிநாயகம் இப்போதுதான் சரியாகப் பார்த்தார். வருவான், வராமல் எங்கே போவான் என்று சொல்லலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள், அவரிடமும் அப்படித்தான் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வரமாட்டாங்க," என்றார். "வருசத்துக்குப் பத்து நாள் வருவாங்க, அதுலயும் ரெண்டு நாள் தூங்குவாங்க. மத்த நாளு பூரா நாமதான் இருக்கணும். எனக்குப் பழக்கமாச்சு, உங்களுக்கும் ஆயிரும். அதுக்காவது சாப்பிடணும்லா? சொல்லுட்டி, அப்படியே சொல்லு, ஒண்ணும் மறைக்காத."

குழலி அப்படியே சொன்னாள். தன்னைப் பற்றித் தானே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். காலியோப்பி கேட்டு முடித்ததும் அழுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய எண்ணெய் டின்னைக் காலால் அவர் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னாள், தானும் ஒரு பெட்டியில் உட்கார்ந்தாள், தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

அப்போது கரையில் அலையோரத்திலிருந்து ஒவ்வொரு மேஜையாகக் கரண்டிச் சத்தம் நின்றுகொண்டே வந்தது. வக்கீல் பாதிக் கணவாயைத் தட்டில் வைத்துவிட்டுப் பெல்ட்டைத் தளர்த்தினார். மரத்தடியில் நின்றவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழுத குழந்தை அம்மா தோளில் சாய்ந்து தூங்கியது, பாந்தெலிஸ் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு மாதாவுக்கு நன்றி சொன்னார், வெட்டிய கிழங்கையும் உரித்த வெங்காயத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேலத்தெருவும் கீழத்தெருவும் வயிற்றைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போயின. உலகம்மாள் ஒரு பூசணிப்பூவைக் கையில் எடுத்து, வேண்டாம் என்று திரும்ப வைத்தாள்.

நான்கு மணிக் கப்பல் வந்து மூன்று தடவை ஊதியது. குழலியும் மனோலிஸும் கையைக் கோத்துக்கொண்டு, எங்களுக்கு நிறைந்துவிட்டது, நீங்கள் மெதுவாக வாருங்கள், அடுத்த கப்பலில்கூடப் போகலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வெயிலில் இறங்கிப் போனார்கள். சிரிப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

காலியோப்பி எழுந்து சட்டியில் ஒட்டியிருந்த கொண்டைக்கடலையைச் சுரண்டித் தட்டில் போட்டு, பாதியை அவர் பக்கம் ஒதுக்கினாள். அந்தத் தீவில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் இன்னும் பசித்துக்கொண்டிருந்தது.